ஹேவ்லாக்கா, திருகோணமலையா? வடசென்னை ஜோடிக்கு ஒரு கடல் கணக்கு

காசிமேட்டில் நின்றால் கண்ணுக்கு எட்டியவரை கடல்தான். ஆனால் மாஸ்க் மாட்டிக்கொண்டு இறங்கிப் பார்க்கிற கடல் இல்லை அது. மண் கலங்கிய தண்ணீர், போதாக்குறைக்கு எண்ணூர்ப் பக்கம் 2017-லும் 2023-லும் எண்ணெய் கொட்டிய கதை. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்க்காரர்கள் பவளப்பாறை பார்க்க வேண்டுமானால் மூட்டை கட்டித்தான் ஆக வேண்டும். ஜோடியில் ஒருவருக்கு டைவிங் (சிலிண்டர் மாட்டி ஆழத்தில் இறங்குவது), மற்றவருக்கு ஸ்நார்க்கல் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் வைத்து மேலே மிதந்தபடி பார்ப்பது) என்றால், பேச்சில் அடிபடுகிற ஊர்கள் புதுச்சேரி, அந்தமானின் ஹேவ்லாக், இலங்கையின் திருகோணமலை.

புதுச்சேரியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அங்கே டைவிங் உண்டு, பயிற்சியும் உண்டு. டெம்பிள் ரீஃப் என்று செயற்கையாக உருவாக்கிய பாறைத்திட்டில் மீன் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் அது படகில் போய் ஆழத்தில் இறங்குகிறவர்களுக்கு. மேலே மிதந்தபடி ஸ்நார்க்கல் செய்ய வந்தவருக்குப் பச்சைத் தண்ணீர்தான் தெரியும். இருவரில் ஒருவர் ஓட்டல் அறையில் உட்கார்ந்திருப்பதற்கு ஒரு பயணமா? அதோடு, திருவொற்றியூரிலிருந்து ஊரைக் கடந்து ஈசிஆரைத் தொடுவதற்குள்ளேயே பாதி உற்சாகம் போய்விடும். மற்ற இரண்டுக்கும் விமானம்தான், விமான நிலையத்துக்கு விம்கோ நகரிலிருந்து ஒரே மெட்ரோவில் போய்விடலாம். விடியற்காலை விமானத்துக்கு மட்டும் அது உதவாது, கார்தான்.

ஆக, போட்டி மற்ற இரண்டுக்கும்தான். எல்லோரும் முதலில் செலவைக் கேட்கிறார்கள். நான் கேட்பது, உங்களுக்கு எந்த மாதம் லீவு?

பொங்கலை ஒட்டி என்றால் ஹேவ்லாக். டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை அங்கே கடல் அடங்கி, தண்ணீர் தெளிந்திருக்கும். மே பிற்பகுதியில் தென்மேற்குப் பருவக்காற்று வந்ததும் படகுச் சேவையே நிச்சயமில்லாமல் போகும். திருகோணமலை நேர் எதிர். அது இலங்கையின் கிழக்குக் கரை. கொழும்புப் பக்கம் தென்மேற்கு மழை கொட்டுகிற மே முதல் செப்டம்பர் வரை இங்கே கடல் குளம் மாதிரி கிடக்கும். ஜனவரியில் போய் அங்கத்திய நிலாவெளிக் கடற்கரையில் நின்றால் அலையும் கலங்கலும்தான் மிச்சம். நம் பக்கம் விசைப்படகுத் தொழிலில் இருக்கிற குடும்பங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையும் அப்போதுதான். இந்தக் காலண்டருக்குப் பொருந்துவது திருகோணமலை, ஹேவ்லாக் அல்ல.

ஹேவ்லாக்குக்கு 2018-இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள், ஆனால் டைவிங் கடைக்காரர்கள் வாயில் இன்னும் ஹேவ்லாக்தான். பாஸ்போர்ட் வேண்டாம், ரூபாயிலேயே செலவு. விமானத்தில் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்), அங்கிருந்து கப்பலில் சுமார் இரண்டு மணி நேரம். நீச்சலே தெரியாதவரையும் பயிற்சியாளர் சிலிண்டரைப் பிடித்தபடியே கீழே கூட்டிப்போய்க் காட்டுவார். இந்த அறிமுக டைவுக்கு அதிகபட்சம் 12 மீட்டர். கடலோரத்தில் வளர்ந்தும் நீந்தத் தெரியாதவர்கள் நம் பக்கம் ஏராளம், கூச்சப்பட ஒன்றுமில்லை. ரிசார்ட் பார்க்கும்போது ஒரு விஷயம்: விஜயநகர் பக்கத்து அறைகள் அழகுதான், ஆனால் தண்ணீர் வற்றும் நேரத்தில் கடல் வெகுதூரம் உள்வாங்கி வெறும் கல்லாகக் கிடக்கும். விளம்பரப் படங்கள் எல்லாம் நிறைதண்ணீரில் எடுத்தவை.

ஹேவ்லாக்கின் குறை, அது ஜோடியைப் பிரித்துவிடும். டைவ் செய்கிறவர் காலையில் ஒரு படகில் போவார். ஸ்நார்க்கல் செய்கிறவர் வேறு படகில் எலிஃபன்ட் பீச்சுக்குப் போய், பத்துப் பேரோடு ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொண்டு மிதப்பார். மதியச் சாப்பாட்டில் இரண்டு கதைகள்.

திருகோணமலையில் இந்தத் தொல்லை குறைவு. நிலாவெளியிலிருந்து ஒரு கிலோமீட்டர் அளவில் புறாத்தீவு. 2003-இல் தேசியப் பூங்கா ஆனது. கரையிலிருந்தே இறங்கி, மார்பளவுத் தண்ணீரில் முகத்தை அமிழ்த்தினால் பவளம். அதிர்ஷ்டம் இருந்தால் செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் பக்கத்தில் போகும், பொதுவாகக் கடிக்காது. டைவிங் படகுகளும் அதே தீவைச் சுற்றித்தான் இறங்குகின்றன. கரை முழுக்க உடைந்த பவளத் துண்டுகள், ரப்பர் செருப்பு அவசியம். ஆனால் தண்ணீருக்குள் காலை ஊன்றக் கூடாது. “அக்கா, கல்லிலே கால் வைக்காதீங்கோ” என்று படகோட்டி தமிழிலேயே அதட்டுவார். அந்தத் தமிழுக்கும், காலையில் கிடைக்கிற இடியாப்பம் சொதிக்குமே என் ஓட்டு பாதி சாய்கிறது. ரிசார்ட்டை உப்புவெளியில் அல்ல, நிலாவெளியில் எடுங்கள், படகுத்துறை பக்கம். கோணேசர் கோயிலுக்கு ஒரு மாலை போதும்.

இதற்கும் விலை உண்டு. பாஸ்போர்ட், இணையத்தில் எடுக்கும் பயண அனுமதி, கொழும்பிலிருந்து சாலையில் ஆறு மணி நேரம். புறாத்தீவு நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு உள்ளூர்க்காரரைவிடப் பல மடங்கு. படகை இன்னொரு ஜோடியோடு பகிர்ந்தால் கொஞ்சம் குறையும். சனி, ஞாயிறு கூட்டம் தாங்காது.

எந்த ஊரானாலும் மாஸ்க்கைக் கடையிலேயே சோதித்துவிடுங்கள். பட்டையைத் தலையில் மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மூச்சை இழுத்தால் அது தானே ஒட்டி நிற்க வேண்டும். மீசைக்காரர்களுக்கு நிற்காது. மூக்குக்குக் கீழே ஒரு கோடு மழித்துக்கொள்ளலாம், இல்லை வாசலின் தடவிச் சமாளிக்கலாம். கெத்து மீசை வைத்தவர் தண்ணீர் குடித்துக்கொண்டேதான் மீன் பார்க்க வேண்டும். ஆஸ்துமா, காது, இதயக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் டைவ் வேண்டாம். கர்ப்பமாக இருந்தால் டைவிங் அறவே கூடாது.

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே 18 மணி நேரமாவது விடுங்கள், ஆழத்தில் உடம்பில் கரைந்த வாயு உயரம் போனதும் குமிழாகி ஆபத்தாகலாம். ஹேவ்லாக்கில் முந்தின மாலைக் கப்பலில் திரும்பினால் கணக்கு சரியாகிவிடும். திருகோணமலைக்காரர்கள் ‘அப்படியே நுவரெலியாவும்’ என்று திட்டம் போடுவார்கள். அது 1,800 மீட்டருக்கு மேல் இருக்கிற மலை, டைவ் செய்த அன்றே ஏறக் கூடாது. மலையை முதலில் முடித்துவிட்டுக் கடலுக்கு இறங்குங்கள்.

அக்டோபர், நவம்பரில்தான் லீவு என்றால் இரண்டுமே வேண்டாம். மழை இரண்டு ஊரையும் விடாது. அந்தக் காசில் ஒரு நீச்சல் வகுப்பில் சேர்ந்துவிட்டு, பொங்கலுக்கு ஹேவ்லாக் டிக்கெட் பாருங்கள்.