விட்பி அருங்காட்சியகம்: ஸ்கோர்ஸ்பிக்காகவே போய் வாருங்கள்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கடலோர ஊரான விட்பிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மடாலயத்துக்கு ஏறிப் பார்த்துவிட்டு, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு ரயிலேறிவிடுகிறார்கள். நானும் மகளும் பானெட் பூங்காவுக்குள் இருக்கும் இந்த அருங்காட்சியகத்துக்காகவே மிடில்ஸ்பரோவிலிருந்து போனோம். 1823-இல் தொடங்கிய உள்ளூர்ச் சங்கம் ஒன்றுதான் இன்றும் இதை நடத்துகிறது.

நான் தேடிப் போனது வில்லியம் ஸ்கோர்ஸ்பியை; திமிங்கில வேட்டைக் கப்பல் தலைவர், அறிவியலாளரும்கூட. 1800-இல், பத்து வயதில், அப்பாவின் திமிங்கில வேட்டைக் கப்பலில் வடக்கே போனவர். என் மகளுக்கும் பத்து வயதுதான். "பள்ளிக்கூடம்?" என்று கேட்டாள். 1806-இல் 'ரெசல்யூஷன்' கப்பல் 81 பாகை வடக்கைத் தாண்டியபோது அவருக்கு 16 வயது, அப்பாவுக்கு அடுத்த அதிகாரி. பாய்மர உச்சியில் நின்று திமிங்கிலம் தேடுபவர் குளிரில் விறைத்துப்போகாமலிருக்க, பீப்பாய் போன்ற காவல்கூண்டை அமைத்தவர் அந்த அப்பாதான்.

வேட்டைக்கு நடுவிலும் மகன் அளந்துகொண்டே இருந்தார். பனித்துகள்களின் 96 வடிவங்களை வரைந்து வெளியிட்டார். பித்தளைக் கருவியைக் கடலுக்குள் இறக்கி, கிரீன்லாந்துக் கடலில் மேல்நீரைவிட ஆழத்து நீரில் குளிர் குறைவு என்று கண்டார். வெப்பம் சற்றுக் கூடிய அட்லாண்டிக் நீர், உப்பு மிகுந்ததால் கனமானது. உப்புக் குறைந்த துருவ நீருக்கு அடியில் போய்விடுகிறது. கையில் கயிறும் வெப்பமானியும் வைத்துக்கொண்டு இதைப் பிடித்திருக்கிறாரே! அவர் விட்டுச்சென்ற கையெழுத்துத் தாள்களையும் காந்தக் கருவிகளையும் பாதுகாப்பது இந்த இடம்தான்.

அவரைக் கொண்டாடும்போதே மனம் கனக்கிறது. 1811-இல் அவருடைய ஈட்டிக்காரர் ஒருவர் திமிங்கிலக் குட்டியைக் குத்தினார், தாய் வரும் என்பதற்காக. வந்தது. குட்டியை விட்டு அகலவேயில்லை; அதையும் கொன்றார்கள். அப்படிப்பட்ட பாசத்தைக் கொல்வது வேதனை என்று ஸ்கோர்ஸ்பியே எழுதினார். ஆனாலும் கிடைக்கும் லாபத்தை இரக்கத்துக்காக விட முடியாது என்றும் சேர்த்தே எழுதினார். விளக்குக்கு எண்ணெய், உள்ளாடைக்குத் திமிங்கில வாயிலிருந்து வளைந்துகொடுக்கும் பட்டை. இதற்காகத்தான்.

குழந்தைகளோடு போகிறவர்கள் அரைநாள் ஒதுக்குங்கள். 5-க்கு 5 தருகிறேன். முடித்துக்கொண்டு மேற்குக் குன்றில் இருக்கும் திமிங்கிலத் தாடையெலும்பு வளைவுக்கு நடந்துபோங்கள். இப்போது நிற்பவை அலாஸ்காவிலிருந்து வந்து 2003-இல் நிறுவப்பட்டவை. மகள் ஒரு எலும்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். மழை வந்தும் அவள் நகரவில்லை.