வீட்டில் செய்யும் வயிற்று டயாலிசிஸ்: கோலாலம்பூர் அரசு மருத்துவமனை ஒன்றின் சேவை பற்றி

கோலாலம்பூரிலுள்ள அரசு மருத்துவமனை ஒன்றின் சிஏபிடி (இயந்திரமின்றிக் கையாலேயே பை மாற்றிச் செய்யும் வயிற்று டயாலிசிஸ்) பிரிவு, சென்ற ஆண்டிலிருந்து என் தாயாருக்கு வயிற்று டயாலிசிஸ் சேவையை வழங்கி வருகிறது. அம்மா நீரிழிவால் சிறுநீரகம் செயலிழந்தவர்; மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கு மேற்பட்டோரின் கதையும் அதுதான். குழாய் பொருத்துவது, பயிற்சி, திரவப் பைகள், அவற்றை வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பது, கிளினிக்கில் பரிசோதனை என்று எல்லாம் சேர்ந்ததுதான் இந்தச் சேவை என்பதால், ஒன்றை மட்டும் எடுத்துப் பாராட்டவோ குறை சொல்லவோ முடியாது. இருந்தாலும் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவ ஆய்வுகளால் திரும்பத் திரும்பச் சோதிக்கப்பட்டு வந்த பகுதிகள், அதாவது குழாய், பை, திரவம், பரிசோதனை ஆகியவை, நம்பத் தகுந்தவையாக இருக்கின்றன. பெட்டி, லிஃப்ட், இரவுத் தொலைபேசி என்று வெறும் நிர்வாகக் காரியமாகக் கருதப்படும் இடங்களில்தான் இந்தச் சேவை சறுக்குகிறது.

முறையை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: வயிற்றறையைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வே வடிகட்டியாக வேலை செய்கிறது. சர்க்கரை கலந்த 2 லிட்டர் திரவத்தை வயிற்றுக்குள் விட்டுச் சில மணி நேரம் வைத்திருந்தால், கழிவும் மிகுதியான நீரும் அதில் வந்து சேரும். பிறகு அதை வெளியேற்றிவிட்டுப் புதிய பையை மாட்ட வேண்டும். நாளொன்றுக்கு வழக்கமாக 4 முறை. ஊசி கிடையாது, வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் மையத்தில் படுத்திருக்கும் வேலையும் கிடையாது. அதற்கு ஈடாக வீட்டின் ஓர் அறையையும் குடும்பத்தின் அன்றாட ஒழுங்கையும் கொடுத்தாக வேண்டும்.

குழாய் பொருத்தியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1968இல் மருத்துவர் டெங்காஃப் வடிவமைத்த அதே வகைக் குழாய்தான் இன்றும் பயன்படுகிறது. அறுவைச் சிகிச்சைப் பிரிவில் முறை வரும்வரை காத்திருக்காமல் சிறுநீரக மருத்துவரே அதைப் பொருத்தும் பழக்கம் இந்நாட்டில் பரவியதில் செலாயாங் மருத்துவமனைக்குப் பெரும் பங்குண்டு. ஒரு மருத்துவர் எத்தனை முறை பொருத்திய பின் கை தேறுகிறார் என்பதைக்கூட அங்குள்ளவர்கள் கணக்கெடுத்து ஆய்வாக வெளியிட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கும் அந்தப் பகுதியை மட்டும் மரக்கச் செய்து சிறுநீரக மருத்துவரே பொருத்தினார்.

பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்ப்பள்ளிப் படிப்போடு நின்றவர் அம்மா. பயிற்சி தந்த தாதி ஒரு மலாய்ப் பெண்மணி; “ஆண்ட்டி, பெலான்-பெலான்” (மெதுவாக, மெதுவாக) என்று சொல்லிச் சொல்லி, அம்மாவின் கை தானாக அந்த வரிசைக்குப் பழகும்வரை விடவில்லை. மின்விசிறியை நிறுத்துவது, சன்னலைச் சாத்துவது, முகக்கவசம் போடுவது, கையைத் தேய்த்துக் கழுவி முழுவதும் காயவிடுவது, மூடியைக் கழற்றிய பிறகு இணைப்பு முனை எதிலும் படாமல் பார்த்துக்கொள்வது என்று எதிலும் சலுகை கிடையாது. வெளியேறிய திரவம் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க, பையின் அடியில் நாளிதழை விரித்து அதன் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். அம்மா இன்றும் தமிழ் நாளிதழின் தலைப்புச் செய்தியைப் பை வழியாகப் படித்துவிட்டுத்தான் திரவத்தைக் கழிப்பறையில் ஊற்றுகிறார். ஒரு குறை உண்டு: கையேடு மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. தமிழில் நாங்களே எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டோம். இத்தனை தமிழ் நோயாளிகள் வரும் ஒரு பிரிவில் இது கடினமான வேலையே இல்லை.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்பதற்கு விடை வயிற்றுச் சவ்வின் தொற்று. ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 0.40 முறைக்கு மேல் தொற்று வரக்கூடாது, அதாவது இரண்டரை ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் போகக்கூடாது என்பது, வயிற்று டயாலிசிஸுக்கான பன்னாட்டுச் சங்கம் 2022இல் ஒவ்வொரு மையத்துக்கும் வைத்த வரம்பு. 1976இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் பொறியியலாளர் பொப்போவிச், மருத்துவர் மோன்கிரீஃப் ஆகியோர் இந்த முறையை முன்வைத்த காலத்தில் தொற்று ஓயாத தொல்லையாக இருந்தது. கண்ணாடிப் புட்டிகள் போய் நெகிழிப் பைகள் வந்தன. பிறகு இத்தாலியில் Y வடிவக் கவட்டைக் குழாய் வந்தது. பழைய திரவத்தை வெளியேற்றி, குழாயைப் புதிய திரவத்தால் அலசி, அதன் பிறகே வயிற்றுக்குள் விடுகிற அந்த எளிய வரிசை மாற்றம் தொற்றைக் கணிசமாகக் குறைத்தது. புதிய திரவப் பையும் பழைய திரவத்தை வாங்கும் வெற்றுப் பையும் சேர்ந்தே இன்று கைக்கு வரும் இரட்டைப் பை அதன் வாரிசு. இரு வகை இரட்டைப் பைகளை ஒப்பிட்டு மலேசிய அரசு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு ஒன்று 2006இல் வெளிவந்தது. தொற்றோடு பைகளின் உற்பத்திக் குறைபாடுகளையும் அதில் எண்ணினார்கள் என்று அறிந்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. வீட்டில் பையைப் பிரிப்பவருக்கு ஒழுகும் பை என்பது சின்ன விஷயமல்ல. எங்களுக்கு வரும் பைகளில் கவலைப்படும்படி எதையும் இதுவரை காணவில்லை.

திரவத்துக்கு வருவோம். நாங்கள் பயன்படுத்தும் வகையில் மஞ்சள், பச்சை, சிவப்பு என்று நிறம் பிரித்திருக்கிறார்கள். சர்க்கரையின் செறிவு முறையே 1.5, 2.5, 4.25 விழுக்காடு. செறிவு கூடக்கூட அதிக நீரை இழுக்கும். உடலுக்குள் இறங்கும் சர்க்கரையும் கூடும். “சிவப்பு வேண்டாம், சீனி ஏறிவிடும்” என்று அம்மா அடம்பிடித்த நாள்களில், மருத்துவர் மிரட்டாமல் ஓர் ஆய்வின் கதையைச் சொன்னார். நீரிழிவுள்ள 251 பேரிடம், சர்க்கரை குறைந்த திரவங்களைப் பயன்படுத்திப் பார்த்த அந்த ஆய்வு 2013இல் வெளியானது. மூன்று மாதச் சர்க்கரை அளவு உண்மையிலேயே இறங்கியது. ஆனால் அதே குழுவில் கடுமையான பாதிப்புகளும் மரணங்களும் அதிகமாயின. உடலில் நீர் மிகுந்து தேங்கியதோடு தொடர்புடையவை அவற்றுள் பல. ஆகவே பையின் நிறத்தை வீட்டார் தம் விருப்பப்படி மாற்றக்கூடாது. எடை, கால் வீக்கம், இரத்த அழுத்தம் மூன்றையும் குறித்துக் கொண்டுவந்தால் கிளினிக்கில் பேசி முடிவு செய்யலாம் என்றார். அம்மாவுக்கு இது புரிந்தது. நோயாளியைப் பொருட்படுத்திப் பேசும் மருத்துவர் அமைவது இந்தச் சேவையின் பெரிய பலம்.

பின்னர் இரவு முழுதும் வயிற்றில் இருக்கும் பையாக ஊதா நிறத்து ஐகோடெக்ஸ்ட்ரினைத் தந்தார்கள். மாவுப்பொருளிலிருந்து செய்யப்படும் இந்தத் திரவம் மெல்லத்தான் உடலில் சேரும் என்பதால் பல மணி நேரம் நீரை இழுத்துக்கொண்டே இருக்கும்; கட்டுக்கடங்காத நீர்த்தேக்கத்தை இது குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு கூறுகிறது. விலை கூடுதல் என்பதால் எல்லாருக்கும் உடனே கிடைப்பதில்லை. இதில் ஓர் ஆபத்து உண்டு. சில வகைச் சர்க்கரை மீட்டர் பட்டைகள், ஐகோடெக்ஸ்ட்ரின் உடைந்து உண்டாகும் மால்ட்டோசையும் குளுக்கோசாக எண்ணி, அளவைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலினை ஏற்றினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். திரவத்தை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்தக் குழப்பம் நீடிக்கலாம். தாதி எங்கள் மீட்டரைக் கொண்டுவரச் சொல்லி, பட்டையின் உறையைப் படித்துப் பார்த்த பிறகுதான் முதல் ஊதாப் பையைக் கையில் கொடுத்தார். இந்த ஒரு செயலுக்காகவே அந்தப் பிரிவை நான் மதிக்கிறேன்.

நடுநிலை அமிலத்தன்மை கொண்ட புதுவகைத் திரவம் எங்களுக்குத் தரப்படவில்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் 185 பேரிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், அதைப் பயன்படுத்தியவர்களுக்குச் சிறுநீர் முற்றிலும் நின்றுபோவது தள்ளிப்போனது, தொற்றும் குறைந்தது. ஆயினும் முதன்மையாக அளக்க எடுத்துக்கொண்ட சிறுநீரகத் திறன் வீழ்ச்சியில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. மிச்சமிருக்கும் சிறுநீர் எவ்வளவு முக்கியம் என்பதில் மட்டும் ஐயமில்லை. கனடா, அமெரிக்க நோயாளிகளின் தரவுகளை மறுபடி அலசி 2001இல் வெளியிட்டபோது, நாளுக்கு 250 மில்லிலிட்டர் சிறுநீர் கூடுதலாக இருப்பது மரண அபாயம் 36 விழுக்காடு குறைவதோடு சேர்ந்து வந்தது. கிளினிக்கில் 24 மணி நேரச் சிறுநீரைப் பிடித்து வரச் சொன்னால் சலித்துக்கொள்ளாதீர்கள். மிச்சமிருக்கும் சிறுநீரகத் திறனைக் கெடுக்கக்கூடும் என்பதால், மூட்டுவலிக்கு மருந்தகத்தில் சொந்தமாக மாத்திரை வாங்குவதையும் விட்டுவிட வேண்டும்.

கிளினிக்கில் கழிவு நீக்க எண்ணைக் காட்டி யாரையும் பயமுறுத்துவதில்லை. மெக்சிக்கோவில் 965 பேரிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், திரவத்தைக் கூட்டி அந்த எண்ணை உயர்த்தியதால் ஆயுள் கூடவில்லை. அதற்குப் பிறகு உலகெங்கும் பார்வை மாறி, நோயாளி வேலைக்குப் போகிறாரா, கோயிலுக்குப் போகிறாரா, தம் வாழ்க்கையில் பங்கெடுக்கிறாரா என்பதும் ஆய்வுகளில் அளக்க வேண்டிய ஒன்றாக ஏற்கப்பட்டிருக்கிறது. உணவிலும் இதே நிதானம் உண்டு. டயாலிசிஸ் என்றதுமே வாழைப்பழமும் இளநீரும் விஷம் என்று உறவினர்கள் வரிசையாக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். மையத்தில் இயந்திரம் வழியாக இரத்தச் சுத்திகரிப்பு செய்வோரில் பலருக்கு அது பொருந்தும். வயிற்று டயாலிசிஸில் பொட்டாசியம் குறைந்துபோவதும் உண்டு. குறைந்தவர்களுக்கு அதைச் சரிசெய்தால் தொற்று வரத் தாமதமாகிறது என்று 2022இல் தாய்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு எங்கள் உணவியல் நிபுணர் வாழைப்பழத்தைத் திருப்பிக் கொடுத்தார். (இளநீர் இன்னும் வரவில்லை.)

இனி குறைகள். நாளுக்கு 4 பை என்றால் மாதத்துக்கு 120 பை, 240 லிட்டர். கால் டன்னுக்குச் சற்றுக் குறைவு. செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் ஓர் அறை, சாமி அலமாரியைத் தவிர்த்து, கூரைவரை பெட்டிகள்தான். பைகளைக் கொண்டுவரும் ஒப்பந்தக்காரர் தீபாவளி நெருக்கத்தில் லிஃப்ட் பழுது என்று எல்லாப் பெட்டிகளையும் கீழ்த்தளத்திலேயே இறக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அண்டை வீட்டுப் பையன்கள் சுமந்து ஏற்றினார்கள். இன்னொரு முறை மஞ்சள் குறைந்து பச்சை மிகுந்து வந்தது. கேட்டால் மருத்துவமனை ஒப்பந்தக்காரரைக் கைகாட்டியது, அவர் மருத்துவமனையைக் கைகாட்டினார். தனியாக வாழும் முதியவர் இந்த இடத்தில் என்ன செய்வார்? இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பாதிப் பெட்டிகளைக் கொடுத்தால் இடமும் மிஞ்சும், முதுகும் மிஞ்சும்.

இதைவிடக் கவலை தருவது இரவு நேரம். ஒருநாள் மாலைப் பையின் வழியாக நாளிதழ் எழுத்து தெரியவில்லை. அவசரத்துக்கென்று கொடுத்த எண் ஒலித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அவசரப் பிரிவில் பணியிலிருந்த இளம் மருத்துவர் அம்மாவின் வயிற்றை அழுத்திப் பார்த்தாரே தவிர, நாங்கள் கையோடு கொண்டுபோன கலங்கிய பையை என்ன செய்வதென்று அறியாமல் இருந்தார். திரவத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 100க்கு மேல் வெள்ளணுக்கள் இருந்து, அவற்றில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் என்ற வகை என்றால் தொற்று என்று கொள்ள வேண்டும். மாதிரியை எடுத்த கையோடு ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்க வேண்டும். மருந்து தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் அபாயத்தைக் கூட்டுகிறது என்று மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வொன்று 2016இல் எச்சரித்திருக்கிறது. எங்களுக்கு விடியும்வரை ஆயிற்று. காலையில் சிஏபிடி தாதி வந்ததும் எல்லாம் மளமளவென்று நடந்தன, அம்மா குழாயை இழக்காமல் தேறினார். பகலில் இத்தனை திறமையாக இருக்கும் ஒரு பிரிவு, இரவுப் பணி மருத்துவர்களுக்கென்று ஒரு பக்கக் குறிப்பை அவசரப் பிரிவின் சுவரில் ஒட்டிவைக்கக் கூடாதா?

தூங்கும்போதே இயந்திரம் பைகளை மாற்றும் ஏபிடி முறைக்கு அம்மாவின் பெயர் காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறது. ஆயுளிலோ தொற்றிலோ அது கைமுறையை விஞ்சுவதாக ஆய்வுகள் நிறுவவில்லை. டென்மார்க்கில் 34 பேரிடம் நடந்து 1999இல் வெளியான சிறிய ஆய்வில் வேலைக்கும் குடும்பத்துக்கும் கூடுதல் நேரம் கிடைத்தது. தூக்கம்தான் சற்றுக் கெட்டதுபோலத் தெரிந்தது. வேலைக்குப் போகும் வயதினர் ஏபிடியைக் கேட்டு வாங்குவது தகும். அம்மாவைப் போல வீட்டில் இருப்பவருக்கு அது இல்லாமலும் ஓடும்.

வீட்டில் கை நடுங்காத ஒருவர், கதவு சாத்தக்கூடிய ஓர் அறை, பெட்டி அடுக்க இடம் ஆகிய மூன்றும் இருப்பவர்களுக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பலமுறை வயிற்று அறுவை நடந்தவர்களுக்கு இது பொருந்தாமல் போகலாம். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சேரும் முன் நடக்கும் ஆலோசனைக் கூட்டத்தில் திரவத்தைப் பற்றியும் இயந்திரத்தைப் பற்றியும் அவர்களே நிறையச் சொல்வார்கள். பெட்டிகளை எந்த மாடிவரை கொண்டுவருவார்கள், இரவு பத்து மணிக்குப் பை கலங்கினால் எந்த எண்ணை யார் எடுப்பார், அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்பதை நீங்கள்தான் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.