ஓடிபி வராமல் போன 17,400 ரூபாய்: என் புகார் விழுந்த தவறான பெட்டி

போன ஜூன் மாதம், இரவு பதினோரு மணி. மகளின் உதவித்தொகை விண்ணப்பத்துக்கு மறுநாள் கடைசித் தேதி. வருமானச் சான்றிதழை ஏற்ற வேண்டும், 200 கேபிக்குள் இருக்க வேண்டும் என்கிறது தளம். என்னிடம் இருந்த பிடிஎஃப் 1.8 எம்பி. கூகுளில் தேடியதும் முதலில் வந்த தளத்தில் கோப்பைப் போட்டேன். நிமிடத்தில் சுருக்கிவிட்டது. "டவுன்லோடு" அழுத்தினால் 0.95 டாலர் கட்டு என்றது. எண்பது ரூபாய்தானே, போகட்டும் என்று கிரெடிட் கார்டு எண்ணைப் போட்டேன். ஓடிபி கூடக் கேட்கவில்லை. எவ்வளவு சுலபம் என்று அப்போது சந்தோஷப்பட்டேன் பாருங்கள், அதை இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பத்து ரூபாய் கொடுத்திருந்தால் அவரே சுருக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்.

அந்த 0.95 டாலர் கோப்புக்கான விலை இல்லை. ஏழு நாள் சோதனைச் சந்தாவுக்கான விலை. ஏழு நாள் முடிந்ததும் 49.95 டாலர், அப்புறம் 28 நாளுக்கு ஒரு முறை அதே 49.95. மாதம் ஒரு முறை இல்லை, 28 நாளுக்கு ஒரு முறை. அப்படி எடுத்தால் வருஷத்துக்குப் பன்னிரண்டு தடவை அல்ல, பதிமூன்று தடவை. எவனோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறான். இதெல்லாம் பணம் கட்டும் பொத்தானுக்குக் கீழே வெளிர் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் இருந்தது. இருந்தது என்பதை மறைக்கவில்லை. நான் படிக்கவில்லை.

ஜூன் 18, ஜூலை 16, ஆகஸ்ட் 13 என மூன்று முறை எடுத்தார்கள். குறுஞ்செய்தி வந்திருக்கிறது. ஆனால் அதில் தளத்தின் பெயர் இல்லை. சம்பந்தமில்லாத ஒரு எழுத்துக்கோவையும் ஒரு வெளிநாட்டுத் தொலைபேசி எண்ணும்தான். எங்கள் வீட்டில் மளிகை, பெட்ரோல், கரண்ட் பில் எல்லாமே அந்தக் கார்டில்தான். பில் தொகை முழுவதும் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி வைத்திருந்தேன். அதனால் யாரும் பார்க்கவில்லை. ஆகஸ்ட் பில்லைப் பார்த்து மனைவிதான் கேட்டார், "என்னங்க இது, ஃபாரின் கரன்ஸின்னு போட்டிருக்கு, நீங்க எங்க போனீங்க?"

ஒரு செலவுக்கு மூன்று வரி வரும், கவனியுங்கள். பின்னால் செப்டம்பரில் எடுத்தது இப்படி இருந்தது: 4,195.80 ரூபாய், அதற்கு மேல் அந்நியச் செலாவணி மார்க்அப் (வெளிநாட்டு நாணயச் செலவுக்கு வங்கி போடும் கூடுதல் கட்டணம்) 3.5 சதவீதம் 146.85, அந்த மார்க்அப்புக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 26.43. ஆக மொத்தம் 4,369.08. ஏமாற்றியவனுக்குப் போனது முதல் வரி மட்டும்தான். மிச்ச இரண்டும் வங்கிக்கும் அரசுக்கும். பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது இந்த இரண்டு வரிகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் தர மாட்டார்கள்.

ஆகஸ்ட் 17 அன்று ரத்து செய்யப் போனேன். கணக்குப் பக்கத்தில் "ரத்து" என்று எதுவுமே இல்லை. உதவிப் பக்கத்தின் அடியில் ஒரு படிவம் கிடைத்தது. அதை அழுத்தினால் பாதி விலைக்குத் தருகிறோம் என்று ஒரு திரை. வேண்டாம் என்றால் முக்கால் பங்கு தள்ளுபடி என்று இன்னொரு திரை. மூன்றாவது திரையில் இரண்டு பொத்தான்கள். பச்சையில் பெரிதாக "என் கோப்புகளைக் காப்பாற்று". கீழே சின்னதாக, "பரவாயில்லை, எல்லாவற்றையும் இழந்துகொள்கிறேன்". இழந்துகொண்டேன். கடைசியில் மின்னஞ்சல் வந்தது: "உங்கள் கோரிக்கை பெறப்பட்டது." அவ்வளவுதான். "ரத்து செய்யப்பட்டது" என்ற சொல் அதில் இல்லை. அந்த வித்தியாசம் அன்று எனக்கு உறைக்கவில்லை. வேலை முடிந்தது என்று லேப்டாப்பை மூடிவிட்டேன்.

செப்டம்பர் 10 அன்று மறுபடியும் எடுத்தார்கள்.

இப்போது செய்த தவறுதான் பெரிய தவறு. இந்தப் பதிவை எழுதுவதே அதைச் சொல்வதற்குத்தான். கோபத்தில் வங்கியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி: "சார், இந்த ட்ரான்சாக்‌ஷன் நீங்க பண்ணதா?" "இல்லம்மா, நான் பண்ணவே இல்ல" என்றேன். என் மனதில் இருந்தது "நான் இதற்குச் சம்மதிக்கவில்லை" என்பது. அவர் கணினியில் பதிந்தது "மோசடி". உடனே கார்டை முடக்கினார்கள், புதுக் கார்டு அனுப்பினார்கள், நான்கு தொகைகளையும் சேர்த்து மோசடிப் புகாராக எடுத்துக்கொண்டார்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, அனுமதியில்லாமல் நடந்த பரிவர்த்தனை என்று புகார் கொடுத்தால் பத்து வேலை நாளுக்குள் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். வைத்தார்கள். பணம் வந்துவிட்டது என்று நானும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நவம்பரில் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கூடவே அந்த நிறுவனம் அனுப்பிய ஒன்பது பக்கச் சான்று. என் மின்னஞ்சல் முகவரி, என் வீட்டு இணைய இணைப்பின் ஐபி எண், இரவு 11:14 என்ற நேரம், நான் டிக் செய்த கட்டத்தின் படம். மகளின் வருமானச் சான்றிதழைப் பதிவிறக்கிய பதிவும் அதில் இருந்தது. இத்தனையையும் வைத்துக்கொண்டு "நான் செய்யவில்லை" என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவர்கள் சொன்னது உண்மை. நான்தான் செய்தேன். ரத்து செய்த பிறகும் எடுத்தார்கள் என்பதுதான் என் வழக்கு. அந்த வழக்கை நான் போடவே இல்லை.

கார்டுத் தகராறில் இவை இரண்டும் வேறு வேறு பெட்டிகள். விசா கார்டு நிறுவனத்தின் விதிகளில், ரத்து செய்த பிறகும் எடுக்கும் தொடர் கட்டணத்துக்கென்றே 13.2 என்று தனித் தகராறு எண் இருக்கிறது. மாஸ்டர்கார்டிலும் அதற்கு வழி உண்டு. மோசடி என்றால் "இது நீ இல்லை" என்பதைக் காட்ட வேண்டும். ரத்து என்றால், எந்தத் தேதியில் ரத்து செய்தாய், அதற்குப் பின் எடுத்தார்களா, இவ்வளவுதான் கேள்வி. வாடிக்கையாளர் சேவையில் பேசுபவர் இந்த வித்தியாசத்தைச் சொல்ல மாட்டார். அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். ஆகவே போனில் பேசாமல், வங்கியின் தகராறுப் படிவத்தை நீங்களே நிரப்பி, "சந்தாவை இந்தத் தேதியில் ரத்து செய்தேன், அதன் பிறகும் கட்டணம் எடுக்கப்பட்டது" என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள்.

இன்னொன்று, நேரம். இவ்வகைத் தகராறுக்குப் பொதுவாக 120 நாள்தான். தவறான பெட்டியில் என் புகார் உட்கார்ந்திருந்த இரண்டு மாதத்தில் ஜூன், ஜூலைத் தொகைகளுக்குக் காலம் போய்விட்டது. அதுவும் எப்படி? சோதனைக் காலத்தை வைத்து ஆளைப் பிடிக்கும் வணிகர்களுக்கென்றே விசா 2020 ஏப்ரலில் விதிகளைக் கடுமையாக்கியிருக்கிறது. சோதனை முடிவதற்கு முன் தகவல் அனுப்ப வேண்டும், ரத்து செய்ய ஆன்லைனில் எளிய வழி வைக்க வேண்டும் என்றெல்லாம் உண்டு. எனக்கு எந்தத் தகவலும் வரவில்லை. அதைச் சொல்லி ஜூன் தொகையையே கேட்டிருக்கலாம். தெரிந்தபோது நவம்பர் கடைசி.

"ஆர்பிஐ விதி இருக்கே, 24 மணி நேரம் முன்னாடி மெசேஜ் வரணுமே" என்று அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார். இருக்கிறது. 2021 அக்டோபர் 1 முதல் தொடர் கட்டணங்களுக்கு இ-மேன்டேட், அதாவது வங்கியில் பதிந்த நம் முன் அனுமதி, வேண்டும். பதியும்போது ஓடிபி, ஒவ்வொரு முறையும் 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு, சில வகைக் கட்டணங்களைத் தவிர, 15,000 ரூபாய்க்கு மேல் போனால் மறுபடி ஓடிபி. அந்த 15,000 வரம்பு 2022 ஜூனில் வந்தது. அதற்கு முன் 5,000. வெளிநாட்டுச் சந்தாவுக்கும் இது பொருந்தும். ஆனால் இவர்கள் அதைச் சந்தா என்று அனுப்பினால்தானே! ஒவ்வொரு முறையும் புதிதாக நான் எதையோ வாங்கியதுபோல அனுப்பியிருக்கிறார்கள். வங்கி ஆப்பில் மேன்டேட் பட்டியலைத் திறந்து பார்த்தேன், என் ஓடிடி சந்தாவும் மொபைல் பில்லும் சமர்த்தாக இருந்தன. இது மட்டும் இல்லை. உள்ளூர்ச் சந்தா என்றால் அந்தப் பட்டியலிலேயே ரத்து செய்துவிடலாம், வணிகரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. பல வங்கிகளுக்கு எஸ்ஐ ஹப் என்ற தளத்திலும் பார்க்கலாம்.

இடையில் நான் செய்த இன்னொரு கோமாளித்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். வரவு வைத்ததைத் திரும்ப எடுத்த மாதம், ரோஷத்தில் அந்தத் தொகையை மட்டும் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கட்டினேன். மனைவி அப்போதே சொன்னார், "முதல்ல முழுசா கட்டுங்க, அப்புறம் சண்டை போடுங்க." கேட்டேனா? பில்லில் ஒரு ரூபாய் பாக்கி இருந்தாலும் வட்டியில்லாக் காலம் போய்விடும். அந்த மாத மளிகைக்கும் பெட்ரோலுக்கும் வாங்கிய நாளிலிருந்து வட்டி போட்டார்கள். வட்டிக்கும் ஜிஎஸ்டி. மோசடி என்று தகராறு செய்த தொகைக்கு, அது தீரும்வரை கட்டணம் போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகளில் இருக்கிறது. ஆனால் என் மோசடிப் புகார்தான் ஏற்கெனவே "தீர்ந்து" விட்டதே.

அப்புறம் நிதானத்துக்கு வந்து, நவம்பர் 20 அன்று வங்கியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்பினேன். இந்த முறை மோசடி என்ற சொல்லே கிடையாது. செப்டம்பர் 10 கட்டணம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஆகஸ்ட் 17 மின்னஞ்சல், ரத்துப் படிவத்தின் மூன்று திரைகளின் படங்கள் (நல்லவேளை, எரிச்சலில் நண்பர்களுக்கு அனுப்புவதற்காக எடுத்து வைத்திருந்தேன், வாட்ஸ்அப்பில் தேதியோடு கிடந்தது), மூன்று வரிக் கணக்கு, வட்டித் தொகை, எல்லாம் ஒன்றரைப் பக்கத்தில். "ஒருமுறை தீர்த்த தகராறை மறுபடி எடுக்க முடியாது" என்று ஒரு வரியில் பதில் வந்தது.

அதன்மேல் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் போட்டேன். 2021 நவம்பரில் தொடங்கியது. முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும் இங்கே போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார்த் தளத்தில் நாமே பதியலாம். விவரம் கேட்க 14448. டிசம்பர் கடைசியில் பதிந்தேன். இரண்டே வாரத்தில் வங்கியிலிருந்து போன். இதுவரை கேட்காத மரியாதையான குரல். ஜனவரி கடைசியில் 4,369.08 ரூபாயும் அந்த வட்டியும் வரவானது. அந்த நிறுவனத்திடம் வாங்கித் தந்தார்களா, வங்கியே தன் பையிலிருந்து போட்டதா, சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

முதல் மூன்று தொகைகள், சுமார் பதின்மூவாயிரம் ரூபாய், போனது போனதுதான்.

வணிகர் இந்தியாவுக்குள் இருந்தால் உங்களுக்கு இன்னும் ஒரு வழி உண்டு. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பதிமூன்று வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. சந்தாப் பொறி அதில் ஒன்று. வேண்டாம் என்பவரைக் கூச வைக்கும் அந்தச் சின்னப் பொத்தானும் ஒன்று. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இரண்டு வருஷம் முன்பு சிங்கப்பூர் போனபோது திறந்தது நான்தான். திரும்பி வந்து மூடவில்லை. புதுக் கார்டு வழக்கம்போல மூடியே வந்தது. போன வாரம் மகள் ஏதோ வெளிநாட்டுத் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டும் என்றாள். ஆப்பில் திறந்தேன், வரம்பைச் சரியாக அந்தத் தொகைக்கே வைத்தேன், கட்டினாள், "ஓகேப்பா" என்று அவள் சொல்வதற்குள் மூடிவிட்டேன்.