சனமில்லாத கோல்ஃப் பருவம்: 2020 பதிவுகளில் எதைப் பார்ப்பது, எதை விடுவது

கொரோனா குலைத்துப்போட்ட 2020 பிஜிஏ டூர் (அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் போட்டித் தொடர்) பருவத்தை இப்போது பதிவாகப் பார்ப்பதில் பிரயோசனம் உண்டா? உண்டு, ஆனால் தெரிந்தெடுத்துப் பார்க்கவேண்டும். போட்டிப் பருவம் என்ற கணக்கில் அது ஓட்டை விழுந்த பருவம். கோல்ஃப் படிக்கிறவருக்கோ, அதைப்போல ஒரு பாடம் அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை. திருகோணமலை சீனன்குடா விமானப்படை மைதானத்தில் பந்தடிப்பவரும், அங்கே பை தூக்கும் கேடியும் இதைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்கவேண்டும்.

நடந்தது சுருக்கமாக இதுதான். 2020 மார்ச் 12, புளோரிடாவில் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் முதல் சுற்று. ஹிடெகி மட்சுயாமா சுற்றை 63 அடியில் முடித்து (அடி குறைந்தவரே முந்துவார்) முன்னுக்கு நின்றார். அன்றிரவே போட்டியை நிறுத்தினார்கள். 15 மில்லியன் டொலர் பரிசில் பாதியை 144 பேருக்கும் சமமாகப் பிரித்ததில் ஆளுக்கு 52,083 டொலர் கிடைத்தது. அந்த 63 மட்டும் எந்தக் கணக்கிலும் சேரவில்லை. 91 நாட்களுக்குப் பிறகு, ஜூன் 11 அன்று, டெக்சாஸின் கொலோனியல் மைதானத்தில் பார்வையாளர் ஒருவரும் இல்லாமல் ஆட்டம் மறுபடி தொடங்கியது. வீட்டிலிருந்து புறப்படுமுன் ஒரு பரிசோதனை, போய் இறங்கியதும் இன்னொன்று. பங்கர் (மணற்குழி) வாரியையும் கொடிக்கம்பையும் தொட்டால் கேடிகள் துடைக்கவேண்டும். இவ்வளவு செய்தும், அடுத்த கிழமையே நிக் வாட்னிக்குத் தொற்று என்று தெரிந்து இடையில் விலகினார்.

இனி ஒலிக்கு வருவோம். சாதாரணப் பருவத்தில் நல்ல அடி ஒன்று விழுந்தால் சனத்தின் கூச்சலில் பந்தின் சத்தம் அமுங்கிப்போகும். இந்தப் பதிவுகளில் அமுங்காது. தொலைக்காட்சியின் ஒலிபெருக்கியை நம்பாமல் ஹெட்போன் போட்டு, அயன் (இரும்புத் தலை மட்டை) அடிகளை மட்டும் கவனியுங்கள். சுத்தமான அடியில் முதலில் பந்தின் ‘டிக்’, அதன் வாலைப் பிடித்தபடி புல் கிழியும் சத்தம். மண்ணில் முந்தி விழுந்த அடியில் ‘தொம்’ என்ற மொத்தச் சத்தம் முதலில் வரும், பந்துச் சத்தம் அதற்குள் புதைந்துவிடும். பங்கரில் இது மறுவளமாக இருக்கும்: மணல் முந்தவேண்டும், பந்து தொடும் சத்தமே வரக்கூடாது. பந்துச் சத்தம் கேட்டால் அது கிரீனை (குழி இருக்கும் ஒட்ட வெட்டிய புல்தரை) தாண்டி ஓடப்போகிறது என்று படத்துக்கு முன்பே சொல்லிவிடலாம். பத்து அடி கேட்டால் காது பழகிவிடும். பிறகு உங்கள் சொந்த அடியிலும் பிழை எது என்று நிமிராமலே விளங்கும்.

அதைவிடப் பெரிய இலாபம் கேடியும் ஆட்டக்காரரும் கதைப்பது. கவனித்தால் அதற்கு ஓர் ஒழுங்கு இருப்பது தெரியும். முதலில் கிரீனின் முன் விளிம்புக்கு எத்தனை யார் (கெஜம்), அடுத்து குழிக்கு எத்தனை, பிறகு காற்று எவ்வளவைக் கூட்டும் அல்லது குறைக்கும், கடைசியில் பந்து எங்கே விழவேண்டும், எந்தப் பக்கம் தவறினாலும் பரவாயில்லை என்ற தீர்மானம். கச்சான் வீசும் மாதங்களில் சீனன்குடாவில் ஆடுகிறவருக்கு அந்தக் கடைசித் துண்டுதான் வேண்டியது. நம்மில் பலர் குழிக்குரிய தூரத்தை மட்டும் கேட்டுவிட்டு அடிக்கிறோம்.

ஒரு அடியை மட்டும் கிட்ட நின்று பார்க்கச் சொன்னால், ஓகஸ்ட் 9, சான் பிரான்சிஸ்கோ ஹார்டிங் பார்க், பிஜிஏ சாம்பியன்ஷிப் கடைசிச் சுற்று, பதினாறாம் குழி. 294 யார் பார் 4, அதாவது நாலு அடியில் முடிக்கவேண்டிய குழி. கொலின் மோரிகாவா டிரைவரை (மிகத் தூரம் அடிக்கும் மட்டை) எடுத்து, பந்தைக் குழிக்கு ஏழடி தூரத்தில் நிறுத்துகிறார், அதைப் போட்டு ஈகிள் (பாரைவிட இரண்டு அடி குறைவு). அந்தச் சுற்றில் 64, மொத்தம் பாருக்கு 13 கீழ், இரண்டு அடியால் வெற்றி. வேறொரு வருடமாக இருந்தால் அந்த டிரைவுக்கு மைதானமே அதிர்ந்திருக்கும். இங்கே பந்து போன பிறகு கேட்பது அங்குமிங்கும் நாலைந்து பேரின் கைதட்டல். பிறகு கிண்ணத்தைத் தூக்கும்போது அதன் மூடி கழன்று விழுகிறது. அதையும் தவறவிடாதீர்கள்.

சனமில்லாததால் ஆட்டமே மாறியது என்பதைப் பல விமர்சனங்கள் சொல்வதில்லை. பார்வையாளர் மிதித்துப் படுத்திருக்கவேண்டிய புல் அந்த வருடம் நிமிர்ந்து நின்றது. பந்து எங்கே விழுந்தது என்று கைகாட்ட ஆளில்லை. தேட விதி தருவது மூன்றே நிமிடம். நவம்பர் மாஸ்டர்ஸ் இரண்டாம் சுற்றில், மூன்றாம் குழியில் பிரைசன் டிஷாம்போ டிரைவரால் அடித்த பந்து கிரீனுக்கு இடப்பக்கப் புல்லில் காணாமல் போய், பார் 4 குழி 7 ஆனது. மழையில் ஊறிய தரையில் பந்து புதைந்ததும் ஒரு காரணம். சன வரிசை அங்கே நின்றிருந்தால் நூறு கண்கள் பார்த்திருக்கும்.

அந்த மாஸ்டர்ஸ்தான் அந்த வருடத்தின் மிகச் சிறந்த பதிவு. ஏப்ரலில் நடக்கவேண்டியது நவம்பர் 12 முதல் 15 வரை நடந்தது. பகல் குறுகியதால் முதலாம், பத்தாம் குழிகள் இரண்டிலிருந்தும் மூவர் மூவராக ஆட்டத்தைத் தொடங்கினார்கள். தரை மெத்தைபோல இருந்ததால் பந்து விழுந்த இடத்திலேயே நின்றது. டஸ்டின் ஜோன்சன் 268, அதாவது 20 கீழ், மாஸ்டர்ஸ் சாதனை. கடைசி நாளில் டைகர் வூட்ஸ் பன்னிரண்டாம் குழியில் மூன்று பந்தை ஓடையில் விட்டு 10 அடித்ததையும், அடுத்த ஆறு குழிகளில் ஐந்தில் பேர்டி (பாரைவிட ஓர் அடி குறைவு) எடுத்ததையும் சேர்த்துப் பாருங்கள். பிறகு கையோடு 2021 ஏப்ரல் மாஸ்டர்ஸ் பதிவைப் போடுங்கள். அதே மைதானம், ஐந்தே மாத இடைவெளி, வென்ற கணக்கு 10 கீழ். காய்ந்த கிரீனும் நனைந்த கிரீனும் ஒருவரின் அடியை எப்படி மாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. வென்றவர், மார்ச்சில் 63 அடித்தும் அது கணக்கில் சேராமல் போன அதே மட்சுயாமா.

நேரக் கணக்கு: ஏப்ரல் மாஸ்டர்ஸ் நமக்குத் திங்கள் விடியற்காலை நாலரையளவில் முடியும். நவம்பர் ஒளிபரப்பு ஞாயிறு இரவு எட்டரைக்குத் தொடங்கி, திங்கள் அதிகாலை ஒன்றரைக்குள் முடிந்தது. அமெரிக்கக் கிழக்குக் கரை கோடையில் நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின், நவம்பர் தொடக்கத்திலிருந்து பத்தரை. சான் பிரான்சிஸ்கோ கோடையில் பன்னிரண்டரை. இதைக் கவனிக்காமல் அலாரம் வைப்பவர் ஒரு மணித்தியாலம் பிசகுவார். நவம்பரில் திருகோணமலையில் மாரி மழை உரத்தால் டிஷ் அலைவரிசை அறும். அந்த மாதத்துக்கு இணைய இணைப்பைக் கையில் வைத்திருங்கள். பதிவு பார்க்கும்போது 480-இல் வைத்தால் டேட்டா மிச்சம், ஆனால் வானத்தில் போகும் வெள்ளைப் பந்து தெரியாது. 720 போதும். மாஸ்டர்ஸ், யுஎஸ் ஓபன் இரண்டின் கடைசிச் சுற்றுகளும் அவற்றின் சொந்த யூடியூப் பக்கங்களில் முழுதாக இருக்கின்றன.

புள்ளிப் பட்டியலைப் பார்த்து மினக்கெடவேண்டாம். செப்டம்பருக்குத் தள்ளிய யுஎஸ் ஓபனும் நவம்பர் மாஸ்டர்ஸும் அடுத்த பருவத்தில் சேர்ந்ததால், 2020-21 பருவத்தில் 50 போட்டி, ஆறு மேஜர் (வழக்கமாகப் பருவத்துக்கு நாலே நடக்கும் மிகப் பெரிய போட்டிகள்). பிரித்தானியாவின் ஓபன் சாம்பியன்ஷிப் 1945-க்குப் பிறகு முதல் தடவையாக நடக்கவேயில்லை. இப்படியான இரண்டு பருவங்களை ஒப்பிட்டு ஒரு முடிவுக்கும் வரமுடியாது.

நம்மை நேராகத் தொட்டது ஆசியன் டூரின் நிலை. 2020-இல் நாலு போட்டி. மார்ச் தொடக்கத்தில் மலேசிய ஓபனோடு கதவு சாத்தப்பட்டது. திறந்தது 2021 நவம்பர் கடைசியில், புக்கெட்டில். அமெரிக்கர்களுக்கு 91 நாள், இங்கே இருபது மாதம். ஒரே நாட்டுக்குள் கிழமைக்குக் கிழமை நகரும் டூரை வெளியாள் புகாத குமிழிக்குள் அடைக்கலாம். ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு எல்லை தாண்டவேண்டிய டூரை, நாட்டுக்கு நாடு தனிமைப்படுத்தல் விதி வேறுபட்ட காலத்தில், அடைக்க வழியே இல்லை. தங்கராஜா, மிதுன் பெரேரா போன்ற நம் நாட்டுத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பிழைப்புக்கு எல்லை தாண்டித்தான் ஆகவேண்டும். கட்டுநாயக்க விமான நிலையமோ 2021 ஜனவரி வரை சுற்றுலாப் பயணிகளுக்குக்கூடத் திறக்கவில்லை. பரிசுப் பணம் மட்டுமே வருமானமாக உள்ளவருக்கு இது எத்தனை கொடிய இடைவெளி என்பதை எந்த ஒளிபரப்பும் ஒழுங்காகச் சொல்லவில்லை. இந்தப் பருவத்தின் பதிவுகளில் மிகப் பெரிய குறை இதுதான்.

ஆனாலும் புக்கெட்டின் இரண்டு போட்டிகள், 2022 ஜனவரியில் சிங்கப்பூரின் இரண்டு என்று அந்த டூர் மூச்சு வாங்கி எழுந்த நாலையும் பார்க்கலாம். தாய்லாந்து நமக்கு ஒன்றரை மணித்தியாலமும் சிங்கப்பூர் இரண்டரையும் முன் என்பதால் அவை பகலிலேயே முடிந்தவை. சிங்கப்பூர் இன்டர்நஷனலில் பிளேஓஃபில் (சமநிலையை முறிக்கும் மேலதிக ஆட்டம்) வென்ற கொரியப் பொடியன் ஜூஹ்யுங் கிம்தான் மூன்று வருடத்தை ஒன்றாகக் கட்டிய அந்தப் பருவத்தின் முதலிடக்காரர்.

நேரமில்லாதவர் ஹார்டிங் பார்க்கின் கடைசி மூன்று குழிகளில் தொடங்கட்டும், ஹெட்போனோடு.