உளவியல் பட்டம் தருவதாகச் சொல்லும் ‘படிப்பு மையங்கள்’: டெல்டா மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, மயிலாடுதுறைப் பக்கம் பஸ் நிலையச் சுவர்களில் ஒட்டப்படும் நோட்டீஸ்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ‘வீட்டிலிருந்தே பி.எஸ்சி. உளவியல். மூன்றே ஆண்டுகளில் நீங்களும் மனநல நிபுணர்.’ அப்படியொரு நோட்டீஸைப் பார்த்துச் சேர்ந்து, இன்று கையில் செல்லாத மதிப்பெண் பட்டியலோடு நிற்கிறேன். அதே வாசலில் அடுத்த பிள்ளை போய் நிற்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, பல வீடுகளில் ஆண்கள் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். என் பெரியப்பா மாதக்கணக்கில் திண்ணையைவிட்டு எழவில்லை. குணசீலம் அழைத்துப் போனார்கள், நாகூர் அழைத்துப் போனார்கள். பக்கத்தில் உட்கார்ந்து முறையாகப் பேசத் தெரிந்த ஒருவர் எங்கள் ஊரில் இல்லை. அதனால்தான் உளவியல் படிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மையத்தின் பொறுப்பாளர் அப்பாவிடம் மிகவும் மரியாதையாகப் பேசினார். “ஐயா, கவலையே வேண்டாம். பாப்பா படித்து முடித்ததும் சொந்தமாகவே ஆலோசனை மையம் வைக்கலாம்” என்றார். பட்டம் தருவது வடமாநிலம் ஒன்றின் பல்கலைக்கழகம் என்றும், தொலைநிலைப் படிப்புக்கு எல்லா அங்கீகாரமும் உண்டு என்றும் சொன்னார். சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்ட பணம் கணக்கில் ஏறியதும் முதல் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டினோம். அசல் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பல்கலைக்கழகமோ கல்லூரியோ அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்திருக்கிறது. இந்த மையம் பல்கலைக்கழகமும் இல்லை, கல்லூரியும் இல்லை.

வகுப்பு என்று பெயருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதோ நடந்தது. அதைவிடக் கொடுமை செய்முறைப் பாடம். உளவியல் ஏட்டில் மட்டும் படிக்கும் பாடம் இல்லை. 1879இல் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வகம் தொடங்கியதிலிருந்தே அளந்து பார்ப்பதுதான் அதன் அடிப்படை. கண்ணாடி வரைதல் என்று ஒரு சோதனை உண்டு. கை தெரியாதபடி மறைத்துவிட்டு, எதிரே உள்ள கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரத்தின் கோட்டின்மேல் பென்சிலை ஓட்ட வேண்டும். முதலில் கை தாறுமாறாகப் போகும். திரும்பத் திரும்பச் செய்யும்போது பிழையும் நேரமும் குறையும். ஒரு கை பழகியது மறு கைக்கும் ஓரளவு போய்ச் சேரும். மனிதன் கற்பது எப்படி என்பதை மாணவர் தன் கையாலேயே உணரும் இடம் அது. திருச்சியில் கல்லூரிக்குப் போய்ப் படிக்கும் என் மாமன் மகள் இதைச் செய்துவிட்டு வந்து அப்படி உற்சாகமாகச் சொன்னாள்.

எங்களுக்குக் கிடைத்தது ஒரு பழைய ரெக்கார்டு நோட்டு. அதைப் பார்த்து எழுதச் சொன்னார்கள். முல்லர்-லயர் சோதனையில் கோட்டின் நீளத்தைக் கண் எவ்வளவு தவறாக மதிக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். எங்கள் வகுப்பில் அத்தனை பேருக்கும் ஒரே சராசரிப் பிழை, புள்ளிக்குப் பின் வரும் இலக்கம் வரை. கருவியைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்களுக்குச் செய்முறையில் முழு மதிப்பெண் போட்டார்கள். கட்டணத்தைவிட இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

முதுகலைக்கு விண்ணப்பித்தபோது உண்மை வெளியே வந்தது. நான் சேர்ந்த ஆண்டில் அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தொலைநிலையில் உளவியல் நடத்த அனுமதியே இல்லை என்று சேர்க்கை அலுவலகத்தில் காட்டினார்கள். இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: பல்கலைக்கழகம் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. தொலைநிலை அனுமதி, படிப்பு வாரியாகவும் கல்வியாண்டு வாரியாகவும் தரப்படுகிறது. மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அந்தப் பட்டியலைத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாநில எல்லைக்கு வெளியே தொலைநிலை மையம் நடத்தவும் முடியாது. இன்னொன்று, 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று மானியக் குழு தடுத்துவிட்டது. ஆகவே இப்போது யாராவது ‘வீட்டிலிருந்தே உளவியல் பட்டம்’ என்று புதிதாகச் சேர்க்கை நடத்தினால், மேற்கொண்டு பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

‘மூன்றாண்டில் நிபுணர்’ என்ற பேச்சும் பொய். நேரடிக் கல்லூரியில் முறையாகப் படித்தாலும் மூன்றாண்டு இளங்கலை என்பது தொடக்கம்தான். மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற இந்திய மறுவாழ்வுக் கழகம் அங்கீகரித்த தகுதி வேண்டும், அதன் பதிவேட்டில் பெயரும் ஏற வேண்டும். எங்கள் மையமோ கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு ‘ஆலோசகர் டிப்ளமா’ ஒன்றையும் அச்சடித்துக் கொடுத்து, போர்டு மாட்டச் சொன்னது. என் பெரியப்பாவைப் போல வாயடைத்துப்போன ஒருவர் முதன்முறையாக வாய் திறந்து பேச வரும்போது, எதிரே ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதியவர் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? நினைத்தாலே பயமாக இருக்கிறது. நான் போர்டு மாட்டவில்லை.

கட்டணத்தைத் திருப்பிக் கேட்டால், பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு எழுதினால், அப்படி ஒரு மையமே எங்களுக்கு இல்லை என்று பதில் வருகிறது. அந்தப் பதிலை இணைத்து, மாவட்ட ஆட்சியரிடம் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் அப்பாவும் நானும் மனு கொடுத்திருக்கிறோம். அசல் சான்றிதழ்கள் திரும்பி வந்துவிட்டன, பணம் வரவில்லை.

இதே போன்ற மையத்தில் படித்து ஏமாந்தவர்கள் ரசீது, நோட்டீஸ், கைப்பேசியில் வந்த செய்தி எதையும் அழித்துவிடாதீர்கள். ரசீதில் யார் பெயர், யார் முத்திரை இருக்கிறது என்று முதலில் பாருங்கள். எங்கள் ரசீதுகளில் பல்கலைக்கழகத்தின் பெயரே இல்லை, மையத்தின் முத்திரை மட்டும்தான். மனுவில் முதல் ஆதாரமாக அதைத்தான் வைத்திருக்கிறோம்.