நேரடி எம்.சிஎச்-ஆ, எம்.எஸ். வழியா? நியூரோ சர்ஜரி நினைப்போடு இறுதியாண்டில் இருப்பவர்களுக்கு

எம்.பி.பி.எஸ். இறுதியாண்டில் நியூரோ சர்ஜரி (மூளை, நரம்பு அறுவைசிகிச்சை) ஆசையோடு இருக்கும் ஜூனியர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். எம்.பி.பி.எஸ். முடித்ததும் நேரடியாக ஆறு வருட எம்.சிஎச். (அறுவைசிகிச்சையில் சூப்பர் ஸ்பெஷாலிட்டி பட்டம்) சேர்ந்துவிடலாமா, அல்லது எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி (பொது அறுவைசிகிச்சை முதுநிலை) முடித்துவிட்டு மூன்று வருட எம்.சிஎச். போகலாமா? நான் இரண்டாவது வழியில் வந்தவன். என் சாய்வும் அந்தப் பக்கம்தான். அதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

முதலில் வருடக் கணக்கு. காகிதத்தில் இரண்டுமே ஆறு வருடம்தான்: அங்கே ஒரே மூச்சில் 6, இங்கே 3 + 3. நடைமுறையில் எம்.எஸ். வழி நீளும். அரசுக் கல்லூரியில் படித்தால் பாண்டு உண்டு (படித்து முடித்ததும் அரசுப் பணி, இல்லையேல் பணம்), அதன் காலமும் தொகையும் அவ்வப்போது மாறும். அப்புறம் எம்.சிஎச். நுழைவுத் தேர்வான நீட் எஸ்.எஸ். எழுத வேண்டும்: 150 கேள்வி, 600 மதிப்பெண், எல்லாம் ஜெனரல் சர்ஜரியிலிருந்து. முதல் தடவையிலேயே விரும்பிய இடம் கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஒன்றிரண்டு வருடம் கூடுதலாகப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். "உன்கூடப் படிச்சவன் கிளினிக்கே போட்டுட்டான்" என்று வீட்டில் சொல்வதைக் கேட்டுக்கொள்ளும் பொறுமையும் வேண்டும்.

தேர்வுத் தயாரிப்பில் வித்தியாசம் என்று எதுவும் இல்லை. எய்ம்ஸ், நிம்ஹான்ஸ் போன்ற இடங்களின் ஆறு வருட சீட்டும் சரி, அந்த வரிசையில் வரும் நிறுவனங்களின் எம்.எஸ். சீட்டும் சரி, அந்த நிறுவனங்களுக்கான தனி நுழைவுத் தேர்வான ஐ.என்.ஐ. சி.இ.டி. வழியாகத்தான். மற்றவற்றுக்கு நாடு முழுக்கப் பொதுவான முதுநிலை நுழைவுத் தேர்வு, நீட் பிஜி. இரண்டிலும் 200 கேள்விகள், அதே 19 பாடங்கள். நியூரோ அனாட்டமியை மட்டும் கரைத்துக் குடித்தால் ரேங்க் வராது. சமூக மருத்துவமும் ஃபார்மகாலஜியும்தான் காப்பாற்றும். ஆகவே இறுதியாண்டுப் படிப்பை எந்த வழிக்காகவும் மாற்ற வேண்டியதில்லை. முடிவு நடக்கும் இடம், கவுன்சலிங்கில் வேண்டிய சீட்டுகளை வரிசைப்படுத்தும் சாய்ஸ் ஃபில்லிங் திரைதான். ஒரு விஷயம் மட்டும் கவனம்: ஐ.என்.ஐ. சி.இ.டி. வருடத்துக்கு இரண்டு முறை வரும், ஒவ்வொன்றுக்கும் இன்டர்ன்ஷிப் முடிய வேண்டிய கடைசித் தேதி இருக்கும். சிஆர்ஆர்ஐ-யில் (அதாவது இன்டர்ன்ஷிப்பில்) லீவு போட்டு நீட்டித்தால் ஒரு முழு சுற்று கைநழுவிவிடும்.

சரி, எனக்கு எது முடிவைத் தீர்மானித்தது? பாதியில் விலக நேர்ந்தால் கையில் என்ன மிஞ்சும் என்ற கேள்விதான்.

நேரடி எம்.சிஎச். என்பது ஒன் டு ஒன் பஸ் மாதிரி, நடுவில் ஸ்டாப் கிடையாது. மூன்றாவது வருடத்தில் "இது எனக்கு ஒத்துவராது" என்று தோன்றினால் எம்.எஸ். பட்டம் கொடுத்து அனுப்ப மாட்டார்கள். சீட்டை விட்டதற்கு அபராதம் கட்டிவிட்டு, வெறும் எம்.பி.பி.எஸ்.ஸோடு மறுபடியும் நீட் பிஜி வரிசையில் நிற்க வேண்டும். அதுவும் அனாட்டமி முதல் தோல் நோய் வரை மறந்துபோன பிறகு.

எம்.எஸ். முடித்தவருக்கு அந்த நிலை இல்லை. நியூரோ வேண்டாம் என்றால் யூராலஜி, சர்ஜிகல் கேஸ்ட்ரோ, பிளாஸ்டிக், பீடியாட்ரிக் சர்ஜரி, சர்ஜிகல் ஆன்காலஜி எல்லாம் திறந்தே இருக்கின்றன. எதுவும் வேண்டாம் என்றால் ஊரில் சர்ஜனாக உட்காரலாம். நியூரோ சர்ஜனுக்கு மைக்ரோஸ்கோப், ட்ரில், இருபத்துநாலு மணி நேர சி.டி., வென்டிலேட்டரோடு ஐ.சி.யூ., கூடவே நல்ல நியூரோ அனஸ்தெட்டிஸ்ட் (மயக்க மருத்துவர்) வேண்டும். இத்தனையும் உள்ள ஊர்கள் குறைவு. ஹெர்னியாவும் அப்பெண்டிக்ஸும் இல்லாத ஊர் கிடையாது.

"விலகுவதைப் பற்றி இப்போதே ஏன் பேசுகிறீர்கள்" என்று கோபப்படுபவர்கள் உண்டு. ஏனென்றால், 23 வயதில் இந்தத் துறையைப் பற்றி நமக்குத் தெரிந்தது மிகக் குறைவு. இன்டர்ன்ஷிப்பில் ஜெனரல் சர்ஜரிக்கு 6 வாரம், சமூக மருத்துவத்துக்கு 12 வாரம் இருக்கிறது. நியூரோ சர்ஜரிக்கென்று தனிக் கட்டாயப் போஸ்டிங் இல்லை. கட்டி எடுப்பதை தியேட்டரில் தூரத்திலிருந்து பார்த்து வந்த ஆசைதான் நம்மில் பலருக்கு. ஆனால் ரெசிடென்ட்டின் வாழ்க்கையில் கட்டி ஒரு பகுதிதான். பெரும்பகுதி, ஹெல்மெட் இல்லாமல் வந்து விழுந்தவர்களின் ராத்திரி. நன்றாகச் செய்த ஆபரேஷனுக்குப் பிறகும் கண் திறக்காத நோயாளி, மூன்று வாரமாக ட்ரக்கியாஸ்டமியோடு (மூச்சுக்காகத் தொண்டையில் போட்ட துளையோடு) வார்டில் கிடப்பவர், "எப்ப சார் பேசுவாரு" என்று தினமும் கேட்கும் மனைவி. இதைத் தாங்க முடியுமா என்பது புத்தகம் படித்தால் தெரியாது. எம்.எஸ். மூன்று வருடத்தில் நியூரோ ரொட்டேஷனிலும் கேஷுவால்ட்டி ட்யூட்டியிலும் அது தெரிந்துவிடும். தெரிந்த பிறகு முடிவெடுக்கலாம், 26, 27 வயதில்.

ஜெனரல் சர்ஜரி படித்தது வீண் என்ற பேச்சையும் நான் ஏற்பதில்லை. தலைக்காயத்தோடு வந்த பெரியவருக்கு பி.பி. இறங்கினால் காரணம் பெரும்பாலும் தலையில் இருக்காது. வயிறு, நெஞ்சு, இடுப்பெலும்பு என்று ரத்தக் கசிவைத் தேட வேண்டும். எம்.எஸ். முடித்த கைக்கு அது அனிச்சையாக வரும். மூளையில் சேரும் நீரை வயிற்றுக்குள் இறக்கும் வி.பி. ஷன்ட் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கீழ்முனை பெரிட்டோனியத்துக்குள் (வயிற்றறைக்குள்) போக வேண்டும். முன்பே ஆபரேஷன் நடந்து குடல் ஒட்டிக்கிடக்கும் வயிறென்றால், யாரையும் கூப்பிடாமல் நாமே சமாளிக்கலாம். பித்தப்பை எடுத்த அனுபவம் மண்டையோட்டுக்குள் உதவாது என்பது உண்மைதான், மறுக்கவில்லை.

நேரடி வழியில் வந்தவர்களுக்கு என்ன லாபம்? நேரம்தான். நான் எம்.சிஎச். முதல் வருடத்தில் மைக்ரோஸ்கோப்பின் கீழ் கையைப் பழக்கிக்கொண்டிருந்தபோது, நேரடி வழியில் வந்த என் வயதுக்காரர்கள் கிரேனியாட்டமியை (மண்டையோட்டைத் திறக்கும் ஆபரேஷனை) தாங்களே திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது நுழைவுத் தேர்வின் தலைவலியும் அவர்களுக்கு இல்லை. ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் சி.எம்.சி.யிலும், ராமமூர்த்தி 1950இல் சென்னை ஜி.எச்.சிலும் துறையைத் தொடங்கிய காலத்தில், இந்தியாவில் நியூரோ சர்ஜனாக யாரும் நேர்வழியில் வந்திருக்க முடியாது. இன்று அந்த வழி இருக்கிறது, நிச்சயமாகத் தெரிந்தவர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம்.

எம்.சிஎச்.சுக்கு இணையாகத் தேசியத் தேர்வு வாரியம் தரும் ஆறு வருட டி.ஆர்.என்.பி.யும் இருக்கிறது, நீட் பிஜி வழியாக. பல சீட்டுகள் தனியார் மருத்துவமனைகளில். நான் அங்கே வேலை பார்த்ததில்லை, கேள்வி ஞானம்தான். கேட்டவரை, எவ்வளவு ஆபரேஷனில் கை வைக்க விடுகிறார்கள் என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறுகிறது. தற்போது அங்கே படிக்கும் ஒருவரிடமாவது பேசாமல் அந்த சாய்ஸைப் போடாதீர்கள்.

நேரடி வழிதான் என்று நினைப்பவர்கள் சிஆர்ஆர்ஐ-யிலேயே தங்களைச் சோதித்துக்கொள்ள வேண்டும். பகலில் தியேட்டரில் நின்று பார்ப்பது போதாது. நியூரோ பிஜியிடம் (அந்தத் துறையில் படிக்கும் முதுநிலை மாணவரிடம்) கேட்டுக்கொண்டு இரவு ட்யூட்டியில் கூடவே இருங்கள். ஜி.சி.எஸ். (நினைவு நிலையை அளக்கும் மதிப்பெண்) போடுங்கள், கண்பாவையைப் பாருங்கள், சி.டி.யில் லென்ஸ் வடிவத்தில் இருப்பது ஈ.டி.எச். (மூளையுறைக்கு வெளியே ரத்தக்கட்டு), பிறை வடிவம் எஸ்.டி.எச். (உறைக்கு உள்ளே) என்பதை ரிப்போர்ட் வருமுன் சொல்லிப் பழகுங்கள். நோயாளியின் உறவினரிடம் பிஜி பேசும்போது பக்கத்தில் நில்லுங்கள். இப்படி ஒரு மாதம் போன பிறகும் அடுத்த ட்யூட்டிக்குப் போகத் தோன்றினால், ஆறு வருட சீட்டை மேலே போடலாம்.

அந்த அளவு உறுதி இல்லாதவர்களுக்கு என் வரிசை இதுதான்: சொந்தமாக நியூரோ சர்ஜரித் துறை உள்ள கல்லூரிகளின் எம்.எஸ். சீட்டுகள் முதலில், ஊருக்குப் பக்கத்தில் இருந்தாலும் அந்தத் துறை இல்லாத எம்.எஸ். அதற்குக் கீழே, ஆறு வருட சீட்டுகள் அதற்கும் கீழே.