காற்றில் பூஞ்சை இருக்கிறதா என்று ‘லேப் டெஸ்ட்’ செய்ய வருகிறவர்களிடம் கவனம்

மழை ஓய்ந்ததும் வேளச்சேரிப் பக்கம் அடுக்குமாடிகளில் ஒரு வாட்டர்ப்ரூஃபிங் நிறுவனத்தின் ஆட்கள் ஏறி இறங்குகிறார்கள். வீட்டுக் காற்றில் பூஞ்சை எவ்வளவு என்று லேபில் பார்த்துத் தருவார்களாம். எங்களிடம் டெஸ்டுக்கு 6,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, அந்த ரிப்போர்ட்டைக் காட்டியே 85,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் நீட்டினார்கள்.

படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறி பெயின்ட் உப்பியிருந்தது. பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள். வந்தவர், பூஞ்சை விழுந்தால் வளர்வதற்கான கூழ் ஊற்றிய இரண்டு பெட்ரி தட்டுகளின் மூடியைத் திறந்து, ஒன்றைக் கட்டில் மேலும் இன்னொன்றை டைனிங் டேபிளிலும் வைத்தார். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மூடி, டேப் சுற்றி எடுத்துப் போனார். அவ்வளவுதான் டெஸ்ட். சுவரின் அடிப்பக்கம் பொரிந்திருந்த வெள்ளைப் பொடியையும் “வெள்ளைப் பூஞ்சை” என்று குறித்துக்கொண்டார். அது உப்பு. பிறகு நான் அதன்மேல் தண்ணீர் தெளித்தபோது கரைந்து போய்விட்டது. பூஞ்சை அப்படிக் கரையாது.

ரிப்போர்ட்டின் முதல் பக்கம் நிறுவனத்தின் லெட்டர்ஹெட். சிவப்புப் பட்டையில் ‘அபாய நிலை’, அதற்குக் கீழே ஒரு கன மீட்டர் காற்றில் 1,240 காலனி, அதாவது தட்டில் வளரும் பூஞ்சைத் திட்டு, என்று ஒரு கணக்கு, தடித்த எழுத்தில் ‘அஸ்பெர்ஜில்லஸ்’ என்று ஒரு பூஞ்சையின் பெயர். பையனுக்கு அடிக்கடி வீசிங் வரும் என்பதை முன்பே பேச்சுக் கொடுத்துத் தெரிந்துவைத்திருந்தார்கள். என் அம்மாவிடம், “பேரன் மூச்சு விடுற காத்தும்மா இது, தள்ளிப் போடாதீங்க” என்றார் அந்த மனிதர். அம்மா அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

இரண்டாவது பக்கம்தான் உண்மையில் லேப் கொடுத்தது. அதில் தட்டுக்கு இத்தனை காலனி என்று மட்டும் இருந்தது; கன மீட்டர் என்ற பேச்சே இல்லை. அடியில் பொடி எழுத்தில், மாதிரியை நாங்கள் எடுக்கவில்லை, எங்களிடம் வந்த மாதிரிக்கு மட்டுமே இந்த முடிவு பொருந்தும் என்று போட்டிருந்தார்கள். அந்த லேபுக்கே போன் செய்தேன். “தட்டை அவங்கதான் கொண்டுவந்து குடுத்தாங்க சார். எங்க வெச்சாங்க, எவ்வளவு நேரம் வெச்சாங்கன்னு எங்களுக்குத் தெரியாது” என்றார் அங்கிருந்த பெண்.

திறந்து வைத்த தட்டில் தானாக விழுந்ததை வைத்துக் கன மீட்டர் கணக்குச் சொல்லவே முடியாது. எவ்வளவு காற்று அந்தத் தட்டைத் தொட்டது என்று யாருக்குத் தெரியும்? முறையாகச் செய்கிறவர்கள் பம்ப் வைத்துக் காற்றை இழுப்பார்கள். ஸ்போர் டிராப் என்கிற சிறு கேசட் என்றால் வழக்கமாக நிமிடத்துக்கு 15 லிட்டர். ஐந்து நிமிடம் ஓடினால் 75 லிட்டர். அதே நேரத்தில் வெளிக்காற்றிலும் ஒரு மாதிரி எடுப்பார்கள். அஸ்பெர்ஜில்லஸ், கிளாடோஸ்போரியம் எல்லாம் தெருக்காற்றிலேயே இருப்பவை. வெளியே எவ்வளவு என்று தெரியாமல் உள்ளே இருப்பது அதிகமா குறைவா என்று எப்படிச் சொல்வது? எங்கள் பால்கனியில் ஒரு தட்டுகூட வைக்கவில்லை. ‘அபாய நிலை’ என்பதும் அவர்களே போட்டுக்கொண்ட கோடு. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட ஓதம், பூஞ்சை பற்றிய வழிகாட்டியில்கூட இத்தனைக்கு மேல் ஆபத்து என்று எண் எதுவும் இல்லை.

கண்ணுக்கே பூஞ்சை தெரிகிறது என்றால் பெரும்பாலும் டெஸ்டே வேண்டாம் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. வாடை வருகிறது, இடம் தெரியவில்லை என்றாலோ, வேலை சரியாக முடிந்ததா என்று பார்க்கவோ டெஸ்ட் உதவும். அப்போதும் சோதிக்கிறவரும் வேலையை எடுக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. டெக்சாஸில் ஒரே வேலையில் இரண்டையும் செய்யச் சட்டமே தடை போட்டிருக்கிறது. இங்கே நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். லேப் பெயரைக் கேட்டு, அதற்கு என்ஏபிஎல் (லேப்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் எந்தெந்தச் சோதனைகளுக்கு என்று என்ஏபிஎல் இணையதளத்தில் பாருங்கள். தண்ணீருக்கும் உணவுக்கும் அங்கீகாரம் வைத்துக்கொண்டு முத்திரையை எல்லாவற்றுக்கும் காட்டுகிற ஆட்கள் உண்டு.

அந்த 85,000இல் பாதிக்கு மேல் ‘ஆன்ட்டி ஃபங்கல் ஃபாகிங்’, அதாவது மருந்துப் புகை. செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைக் கிளப்பும். துடைத்து எடுக்கத்தான் வேண்டும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கொட்டேஷனில் ஒரு வரி இல்லை. கடைசியில் கண்டுபிடித்தது எங்கள் பழைய கொத்தனார்தான். மேல் வீட்டு பாத்ரூமில் பைப்புகள் போவதற்காகத் தாழ்த்திப் போட்ட சங்கன் ஸ்லாபுக்குள் தண்ணீர் தேங்கி எங்கள் சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது. மேல் வீட்டு சார் தகராறு பண்ணாமல் ஒத்துக்கொண்டார். பைப் ஜாயின்ட்டைச் சரிசெய்து, டைல்ஸ் இடுக்கெல்லாம் புதிதாக அடைத்து, சுவரை நன்றாகக் காயவிட்டு, பூச்சைச் சுரண்டிப் பூசிப் பெயின்ட் அடித்தோம். செலவு 14,000 ரூபாய், இரண்டு வீட்டுக்கும் பாதிப் பாதி.

டெஸ்ட் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, பில்லில் ‘நான் ரீஃபண்டபிள்’ என்று இருக்கிறதாம். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். முதல் பக்கத்தின் நகலை லேபுக்கும் அனுப்பிவிட்டேன். போன வாரம் எங்கள் பி பிளாக் லிஃப்ட் பக்கத்தில் அதே ஆட்கள் ‘இலவச ஈரப்பதப் பரிசோதனை’ என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள்.